பெரிய லூட் வாங்கப் போறீங்களா? மொதல்ல ஒரு அட்டையும் ஸ்கேலும் எடுங்க

ஆரம்பத்துலயே என் முட்டாள்தனத்த சொல்லிடறேன், இல்லன்னா இத ஏன் எழுதறேன்னு புரியாது. பத்து வருஷம் கிட்டார் வாசிச்ச தைரியத்துல, நேர்ல போய் பாக்காமயே ஒரு பழைய லூட் (கிட்டாருக்கு தூரத்து சொந்தமான ஐரோப்பிய தந்தி வாத்தியம்) வாங்குனேன். விளம்பரத்துல "பெரிய ரினைசான்ஸ் லூட், 7 கோர்ஸ்"னு மட்டும் இருந்துச்சு, அதாவது 15, 16ம் நூற்றாண்டு ஐரோப்பிய பாணி, ஏழு வரிசை தந்தி (பெரும்பாலும் ஜோடி ஜோடியா). பொட்டி வந்துச்சு, தொறந்தா பப்பாளிய நெடுக்க ரெண்டா பொளந்து கழுத்து வச்ச மாதிரி ஒரு அழகு, அப்படியே மயங்கிட்டேன். கைல இருந்த பாடப் புத்தகத்துல முதல் தந்தி ஜி ஸ்வரத்துல நிக்கணும்னு போட்டிருந்துச்சு, சரின்னு பெக்க (தந்திய முறுக்கற முளை) திருக ஆரம்பிச்சேன், டி வந்துச்சு, ஈ வந்துச்சு, எஃப் வர்றதுக்குள்ள டப்புனு அறுந்து கன்னத்துல ஒரு கோடு போட்டுச்சு. இன்னொரு தந்தி மாட்டுனேன், அதுவும் அதே எடத்துல போச்சு. தந்தி மட்டம்னு ஒரு வாரம் பொலம்பிட்டு இருந்தேன். அப்புறம் தெரிஞ்சவர் ஒருத்தர் ஃபோன்ல கேட்டார், "நட்ல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் அளந்து பாத்தீங்களா தம்பி?"னு. நட்னா கழுத்து முனைல தந்தி ஏறி நிக்கற சின்ன கட்டை, பிரிட்ஜ்னா முகப்பலகைல தந்திய கட்டுற கட்டை. அளந்தேன். 76 செ.மீ. அது ஜி லூட்டே (முதல் தந்திய ஜி-ல வைக்கற லூட்) கிடையாது, டி-ல டியூன் பண்ண வேண்டிய பேஸ் லூட்.

அதனால புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்ற மொத விஷயம் இதுதான்: தந்தி நீளம்ங்கறது ஷர்ட் சைஸ் மாதிரி நம்ம இஷ்டத்துக்கு எடுக்கற சமாச்சாரம் இல்ல. மேல் தந்தி, அதாவது சுருதி ஒசந்த அந்த முதல் தந்தி, எந்த சுருதில நிக்கணுமோ அதுதான் நீளத்த முடிவு பண்ணுது. நம்ம கை அதுக்கு பின்னாடி ஓடணும், ஓட முடியலன்னா சின்ன லூட்டா எடுத்துக்கணும். நடுவுல வேற வழியே இல்லயான்னா, கொஞ்சம் இருக்கு, கீழ வர்றேன்.

முதல்ல ஒரு பெருக்கல் கணக்கு

தந்தி நீளம்னா நட் விளிம்புல இருந்து பிரிட்ஜ்ல தந்தி கட்டுற எடம் வரைக்கும், அதாவது அதிருற பகுதி மட்டும். கழுத்து நீளமோ பொட்டி நீளமோ இல்ல. விக்கறவங்க சில பேர் மொத்த நீளத்த சொல்லிடுவாங்க, அதனால டேப் வச்சு அளந்து ஃபோட்டோ அனுப்புங்கன்னு கூச்சப்படாம கேளுங்க.

இப்ப அந்த நீளத்த மீட்டர்ல எழுதி, மேல் தந்தியோட ஹெர்ட்ஸால பெருக்குங்க. நல்ல ஆட்டுக்குடல் நரம்பா இருந்தா இந்த பெருக்குத்தொகை 260 பக்கம் வர்றப்ப அறுந்துடும். தந்தி தடிமனா இருந்தா தாங்கும்னு நெனப்போம், நானும் அப்படித்தான் நெனச்சேன், ஆனா தாங்காது, ஏன்னா தடிமன் கூடக்கூட அதே சுருதிக்கு இழுக்க வேண்டிய விசையும் அதே அளவுக்கு கூடிடுது, கணக்கு நேராயிடுது. அதனால அறுபடுற சுருதிங்கறது நீளத்த மட்டும் பொறுத்தது. வேர்வை, தேய்மானம், மழைக்காலம் எல்லாத்துக்கும் கொஞ்சம் எடம் விட்டு 235 பக்கத்துல நிறுத்திக்கிட்டா நிம்மதியா இருக்கலாம்.

போட்டுப் பாருங்க. ஏ 440 கணக்குல (ஏ ஸ்வரத்த 440 ஹெர்ட்ஸ்ல வைக்கறது) மேல் ஜி 392 ஹெர்ட்ஸ். 60 செ.மீ லூட்ல 0.60 × 392 = 235. கச்சிதம். இதனாலதான் இன்னைக்கு விக்கற ஜி லூட் பெரும்பாலும் 58ல இருந்து 62க்குள்ள இருக்கு. ஈ (330 ஹெர்ட்ஸ்) வேணும்னா 71 செ.மீ வரைக்கும் போகலாம், டி (294) வேணும்னா 80 வரைக்கும். என் 76க்கு 392 போட்டா 298, அறுந்ததுல என்ன ஆச்சரியம்! அதே 76ல டி போட்டா 223, சமத்தா நிக்குது.

இங்க ஒரு குறுக்கு வழி இருக்கு, நெறய பேர் பயன்படுத்தறாங்க. ஏ 440ங்கறதே பிற்காலத்து ஏற்பாடுதான், ரினைசான்ஸ் காலத்துல ஊருக்கு ஊர் சுருதி மாறும். ஏ 392னு வச்சுக்கிட்டா எல்லாமே ஒரு முழு ஸ்வரம் கீழ எறங்கிடும், அப்ப ஜிங்கறது 349 ஹெர்ட்ஸ்தான், 67 செ.மீ லூட்ட "ஜி லூட்"னே சொல்லி வாசிச்சுக்கலாம். தனியா வாசிக்கறவங்களுக்கு இதுல ஒரு நஷ்டமும் இல்ல. டேப்லேச்சர்ல (லூட்டுக்கான இசைக் குறிப்பு) எந்த தந்தில எந்த ஃப்ரெட் (கழுத்துல விரல் வைக்கற கட்டு)னுதான் எழுதியிருக்கும், சுருதி பேரு எழுதியிருக்காது, அதனால எந்த சைஸ் லூட்லயும் அதே கோடு அதே விரல்.

நீளத்துக்கு மேல சுருதி ஏறாதுங்கறத ஒத்துக்க முடியாதவங்க கதை ஒண்ணு உண்டு. பெரிய பேஸ் லூட்டோட கனத்த சத்தம் பாட்டுக்கு பக்கவாத்தியமா நல்லா இருக்குன்னு, 16ம் நூற்றாண்டு கடைசில இத்தாலிக்காரங்க அத இன்னும் மேல டியூன் பண்ண ஆசப்பட்டாங்க. முதல் தந்தி அந்த சுருதிக்கு ஏறாது. சரி, ஏறாட்டி போகட்டும்னு அத ஒரு ஆக்டேவ் கீழ எறக்கிட்டாங்க, அப்புறம் ரெண்டாவதையும் எறக்கிட்டாங்க. தியார்போனு ஒரு புது வாத்தியமே பொறந்துடுச்சு. பிச்சினினினு ஒரு லூட் வித்வான் 1623ல இத்தாலில பொலோன்யா ஊர்ல அச்சான அவரோட புத்தகத்துல இத சொல்லியிருக்கார். நான் ரெண்டு தந்திய அறுத்துட்டு பொலம்புனேன், அவங்க ஒரு வாத்தியத்தையே கண்டுபிடிச்சுட்டாங்க.

பெரிய லூட் அப்படின்னா எவ்ளோ பெருசு

மைக்கேல் பிரிட்டோரியஸ்னு ஜெர்மன்காரர் 1619 வாக்குல வந்த அவரோட வாத்தியப் புத்தகத்துல லூட் குடும்பத்தையே வரிசையா போடறார்: குட்டி ஆக்டேவ் லூட்ல ஆரம்பிச்சு, ட்ரெபிள், ஜி-ல ஆல்டோ, ஈ-ல டெனர், டி-ல பேஸ், அப்புறம் ஆல்டோவுக்கு ஒரு முழு ஆக்டேவ் கீழ இன்னொரு ராட்சசன். நாம இங்க பேசறது டெனரையும் பேஸையும், அதாவது சுமாரா 66ல இருந்து 80 செ.மீ வரைக்கும். பொலோன்யால இருந்த லாவ்க்ஸ் மாலர், ஹான்ஸ் ஃப்ரை ரெண்டு பேரும் செஞ்ச நீட்டு உடம்பு லூட்டுகள்தான் இன்னைக்கு பெரிய லூட் செய்யற நெறய பேருக்கு மாடல். மாலர் 1552ல செத்துட்டார், ஆனா நூறு வருஷம் கழிச்சும் அவர் லூட்டுக்கு அடிதடி, கழுத்த மாத்தி தந்தி கூட்டி வாசிச்சுட்டே இருந்தாங்க. 1676ல இங்கிலாந்துல தாமஸ் மேஸ்னு ஒரு லூட் வித்வான் எழுதறார், அடிபட்டு விரிசல் விட்ட கெழட்டு மாலர் லூட் ரெண்ட பாத்தேன், ஒவ்வொண்ணும் நூறு பவுண்டு மதிப்புன்னு. அந்தக் காலத்து நூறு பவுண்டு!

யாருக்கு இது தேவை? கனமான ஆம்பளக் குரலுக்கு பக்கவாத்தியம் வாசிக்கறவங்களுக்கு ஈ லூட்டோ டி லூட்டோ வரப்பிரசாதம், பாட்ட தனியா ட்ரான்ஸ்போஸ் பண்ண (சுருதி மாத்தி எழுத) வேணாம், ஜி-க்கு எழுதுன டேப்லேச்சர அப்படியே வாசிச்சா தானா எறங்கிடும். ரெண்டு மூணு லூட் சேந்து வாசிக்கறவங்களுக்கும் வேணும், 1564லயே பக்கொலோனினு ஒரு லூட்காரர் மூணு லூட்டுக்கு புத்தகம் போட்டுட்டார், வல்லேனு இன்னொருத்தர் நாலு லூட்டுக்கு எழுதியிருக்கார். இதெல்லாம் இல்லாம தனியா உக்காந்து டவ்லண்ட் (இங்கிலாந்து லூட் இசையமைப்பாளர்) பாட்டு வாசிக்கணும், அவ்ளோதான் ஆசைன்னா, தயவு செஞ்சு 60 பக்கத்துல ஒண்ணு வாங்குங்க. ஆழமான சத்தம்ங்கற ஒரே காரணத்துக்காக முதல் லூட்டாவே 76 வாங்காதீங்க. வாடகைக்கு எடுக்கவும் முடியும், இங்கிலாந்து லூட் சொசைட்டியும் அமெரிக்க லூட் சொசைட்டியும் உறுப்பினர்களுக்கு லூட் வாடகைக்கு விடறாங்க, அந்தப் பக்கம் இருக்கறவங்க மொதல்ல அத முயற்சி பண்ணுங்க.

அட்டை டெஸ்ட்

இது காசு செலவில்லாத டெஸ்ட், இத நான் வாங்கறதுக்கு முன்னாடி பண்ணியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பொட்டி மாதிரி கெட்டியான அட்டைல ஒரு மீட்டர் நீளத்துக்கு, 6 செ.மீ அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டிக்கங்க. ஒரு முனைல கோடு, அதுதான் நட். இப்ப ஃப்ரெட் எங்க வரும்னு கண்டுபிடிக்க பழைய லூட்காரங்க முறையே போதும்: நீங்க வாங்க நெனக்கற லூட்டோட தந்தி நீளத்த 18ஆல வகுங்க, அந்த தூரத்துல ஒரு கோடு, அது முதல் ஃப்ரெட். மீதி நீளத்த திரும்ப 18ஆல வகுங்க, அங்க ரெண்டாவது. இப்படியே போங்க. இத 1581ல எழுதி வச்சது வின்சென்சோ கலிலேய், லூட் வாசிக்கறவர், டெலஸ்கோப் கலிலியோவோட அப்பா.

71 செ.மீக்கு போட்டா முதல் ஃப்ரெட் நட்ல இருந்து 3.9ல, ரெண்டாவது 7.7ல, மூணாவது 11.2ல, நாலாவது 14.5ல வரும். இதுல பாக்க வேண்டியது ஒண்ணாவது ஃப்ரெட்டுக்கும் நாலாவது ஃப்ரெட்டுக்கும் நடுவுல உள்ள தூரம், ஏன்னா ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் அங்கதான் மல்லுக்கட்டும். 60 செ.மீ லூட்ல அது 9 செ.மீ. சாதா கிளாசிக்கல் கிட்டார்ல (65 செ.மீ) 9.7. 71ல பத்தரை. 76ல 11.3. 80ல கிட்டத்தட்ட 12.

அட்டைய கழுத்து மாதிரி இடது கைல புடிச்சு, கட்டைவிரல் பின்னாடி, நாலு விரலையும் நாலு கோட்டுக்கு கொஞ்சம் பின்னாடி வச்சு பாருங்க. மேசை மேல தட்டையா போட்டு பாக்காதீங்க, மேசை மேல எல்லா கையும் விரியும், எல்லாருக்கும் ஒரு சாண் வரும், அது கணக்கே இல்ல. கழுத்த புடிச்ச கைல, மணிக்கட்டு மடங்காம, ஒரு நிமிஷம் வலியில்லாம நிக்குதான்னு பாருங்க. நின்னா அந்த நீளம் உங்களுக்கு வரும். நிக்கல, ஆனா ஆள்காட்டிய கொஞ்சம் படுக்க வச்சா எட்டுதுன்னா பழகிக்கலாம். சுண்டுவிரல் நடுங்குதுன்னா ஒரு சைஸ் கீழ எறங்குங்க. கை பெருசா சின்னதாங்கறது நாம நெனக்கற அளவுக்கு முக்கியமில்ல, விரலுக்கு நடுவுல எவ்ளோ விரியுதுங்கறதுதான் விஷயம். என் கை பெருசு, இருந்தும் மொத மாசம் 76ல முழங்கை வரைக்கும் வலி.

தந்தி செட்டு

இது எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி. 60 செ.மீ ஜி லூட்டுக்கு போடற அதே தடிமன் செட்ட 71 செ.மீ ஈ லூட்டுக்கும் போடலாம்! நீளம் கூடுச்சு, சுருதி அதே விகிதத்துல கொறஞ்சுச்சு, பெருக்குத்தொகை மாறல, அதனால அதே தடிமன்ல அதே இழுவிசை. முதல் தந்தி நைல்கட்ல (நரம்பு மாதிரி செஞ்ச செயற்கைத் தந்தி) 0.42 மி.மீ பக்கம் ரெண்டுக்கும் ஒத்துவரும், ஏறக்குறைய 40 நியூட்டன். தந்தி பெக் வரைக்கும் எட்டுற நீளம் இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க, சில பாக்கெட் சின்ன லூட்டுக்குன்னே வெட்டி வரும்.

ஆனா விரலுக்கு அது ஒண்ணா இருக்காது. அதே இழுவிசைல நீளமான தந்தி தொட்டா தளர்வா, கொழகொழன்னு இருக்கும், 71ங்கறது 60ஐ விட ஆறுல ஒரு பங்கு நீளம் கூட, அந்த அளவுக்கு சுலபமா வளைஞ்சு கொடுக்கும். இடது கைக்கு இது நல்லது, அமுக்க சுலபம். வலது கைல பலமா மீட்டுனா தந்தி ஃப்ரெட்ல பட்டு சலசலன்னு எரையும். புடிக்கலன்னா அடுத்த தடிமனுக்கு ஒரு படி ஏறுங்க, ரெண்டு மூணு நியூட்டன் கூடுனா போதும். அதுக்கு மேல வேணாம், பெரிய லூட்டோட முகப்பலகை பெருசா இருந்தாலும் மெல்லிசுதான், பிரிட்ஜ் பேந்துக்கிட்டு வந்தா செலவு கைய கடிக்கும்.

ஃப்ரெட்ட பத்தி ஒரு வரி: லூட்ல ஃப்ரெட்டுங்கறது கழுத்த சுத்தி கட்டுற நரம்புதான், முதல் ஃப்ரெட் 1 மி.மீ பக்கம், மேல போகப் போக மெல்லிசா கட்டுங்க, பெரிய லூட்ல தந்தி ஆடுற அகலம் அதிகம்ங்கறதால இது சரியா இல்லன்னா எரைச்சல் ஜாஸ்தியாகும்.

உக்கார்றது

பெரிய லூட்ட கிட்டார் மாதிரி இடது தொடைல வச்சா அது வழுக்கிட்டே போகும், இடது கை கழுத்த தாங்கிப் புடிக்கும், தாங்கற கை விரியாது. விரல் எட்டலன்னு பொலம்பறவங்கள்ல பாதிப் பேருக்கு பிரச்சன விரல்லயே இல்ல, இதுலதான். அதனால மொதல்ல லூட் தானா நிக்கணும். தோள்ல ஸ்ட்ராப் போடுங்க, மடில வழுக்காத தோல் துணியோ, அலமாரில விரிக்கற ரப்பர் மேட்டோ போடுங்க, ரெண்டும் சேத்து போட்டா இன்னும் நல்லது. தாமஸ் மேஸ் லூட்ட மேசை விளிம்புல சாய்ச்சு வச்சு வாசிக்க சொல்றார், பெரிய லூட்டுக்கு அது நெஜமாவே வேலை செய்யுது, வீட்ல டைனிங் டேபிள் ஃப்ரீயா கெடச்சா பாருங்க.

கழுத்த நல்லா மேல தூக்குங்க, பெக் பொட்டி கண்ணு உயரத்துக்கு வரட்டும். கழுத்து படுத்துக் கெடந்தா முதல் ஃப்ரெட் தூரமா போயிடும், மணிக்கட்டு மடங்கும். தூக்குனா முழங்கை தானா முன்னாடி வரும், கை விரியும். ரெண்டு கைய எடுத்தும் லூட் அசையாம இருக்கான்னு பாருங்க, அசஞ்சா திரும்ப மொதல்ல இருந்து.

வலது கைக்கு பெருசா ஒண்ணுமில்ல, முன்கை விளிம்புல படியணும், சுண்டுவிரல் முகப்பலகைல நிக்கணும். உடம்பு ரொம்ப ஆழமா இருக்கற லூட்ல தோள் தூக்கிக்கும், அத கவனிங்க. ரோஸ் (முகப்பலகைல செதுக்குன ஓட்டை) பக்கம் மீட்டுனா தந்தி இன்னும் கொழகொழன்னு தெரியும், கொஞ்சம் பிரிட்ஜ் பக்கம் நகந்தா கெட்டியாகும்.

இடது கை: மேல இருந்து கீழ வாங்க

இப்ப முக்கியமான எடம். புதுசா வர்றவங்களுக்கான பாட்டெல்லாம், ஹான்ஸ் நாய்சிட்லர்னு ஒரு லூட் வித்வான் 1536ல நூர்ன்பெர்க்ல போட்ட புத்தகத்துல உள்ள சின்னச் சின்ன பாட்டெல்லாம் (இடது கை விரலுக்கே புள்ளி வச்சு சொல்லித் தருவார் மனுஷன்), கை முதல் ஃப்ரெட்லயே நிக்கற மாதிரி இருக்கும். சின்ன லூட்ல அது சுலபம். பெரிய லூட்ல ஃப்ரெட்டுக்கு நடுவுல தூரம் ரொம்ப அதிகமான எடம் அதுதான். அதாவது பெரிய லூட் வாங்குன புதுமுகம் மொத நாளே கஷ்டமான எடத்துல போய் நிக்கறார்.

அதனால தலைகீழா ஆரம்பிங்க. 71 செ.மீ லூட்ல மூணாவது ஃப்ரெட்டுக்கு மேல மிச்சம் இருக்கற நீளம் 60 செ.மீதான். அதாவது நாலாவது ஃப்ரெட்ல ஆள்காட்டி வச்சு வாசிச்சா உங்க கைக்கு அது சின்ன ஜி லூட்டோட முதல் ஃப்ரெட் மாதிரியே தெரியும். 76ஆ இருந்தா அஞ்சாவது ஃப்ரெட்டுக்கு மேல 57 செ.மீ. அங்க இருந்து ஆரம்பிங்க. நாலு விரல், நாலு ஃப்ரெட், ஒவ்வொரு கோர்ஸா போயிட்டு வாங்க, பத்து நிமிஷம். ஒரு வாரம் கழிச்சு ஒரு ஃப்ரெட் கீழ எறங்குங்க. கை சுளிச்சுதுன்னா ஒரு ஃப்ரெட் திரும்ப மேல ஏறி இன்னொரு வாரம் இருங்க, யாரும் கேக்கப் போறதில்ல. முதல் ஃப்ரெட்டுக்கு வர எனக்கு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு.

விரல் வைக்கற வரிசையும் மாத்தணும். நாம எப்பவும் ஆள்காட்டிய ஊன்றிட்டு சுண்டுவிரல முன்னாடி நீட்டுவோம், சுண்டுவிரல் பாவம், குட்டையானது, பலமில்லாதது. திருப்பி பண்ணுங்க: சுண்டுவிரல மொதல்ல நாலாவது ஃப்ரெட்ல சௌகரியமா வச்சுட்டு, ஆள்காட்டிய பின்னாடி முதல் ஃப்ரெட்டுக்கு இழுங்க. ஆள்காட்டி பக்கவாட்டுல நல்லா விரியும். அஞ்சாவது கோர்ஸ் முதல் ஃப்ரெட்ல ஆள்காட்டி, ரெண்டாவது கோர்ஸ் நாலாவது ஃப்ரெட்ல சுண்டுவிரல், இத ரெண்டு விதமாவும் செஞ்சு பாருங்க, வித்தியாசம் உடனே தெரியும். கட்டைவிரல் நடுவிரலுக்கு நேர் பின்னாடி இருக்கட்டும், ஆள்காட்டிக்கு பின்னாடி போனா கை விரியாது.

ஒத்த மெட்டு மட்டும் ஓடற எடத்துல ஃப்ரெட்டுக்கு ஒரு விரல்ங்கற கிட்டார் பழக்கத்த விட்ருங்க. செல்லோ வாசிக்கறவங்க மாதிரி கையையே நகத்துங்க, எட்டிப் புடிக்கறத விட நகந்து புடிக்கறது மேல். காலி தந்தி வர்ற எடம்தான் நகர நேரம், அது ஒலிச்சுட்டு இருக்கறப்ப கை எங்க வேணா போகலாம். நான் டேப்லேச்சர்ல காலி தந்தி எல்லாத்தையும் பென்சில்ல வட்டம் போட்டு வச்சுக்குவேன்.

இன்னொண்ணு, புடிச்ச ஸ்வரத்த எவ்ளோ நேரம் புடிக்கணும்னு டேப்லேச்சர்ல பெரும்பாலும் இருக்காது. பேஸ முழுசா புடிச்சுட்டே மேல மெட்டு ஓடணும்னு நாமளா கற்பனை பண்ணிக்கிட்டு கைய முறிச்சுக்கறோம். பெரிய லூட்ல பேஸ் தந்தி நல்லா ஒலிக்கும், காதுக்கு பதிஞ்சதும் விரல எடுத்துடலாம், பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. சுத்தமா எட்டாத எடத்துல பேஸ் ஸ்வரத்த ஒரு ஆக்டேவ் மாத்தி வாசிங்க, இல்ல விட்ருங்க. அப்படி பண்றது பாவம்னு யாராவது சொன்னா அவங்கள 76ல வாசிச்சுக் காட்ட சொல்லுங்க.

வலி விஷயத்துல மட்டும் வீரம் வேணாம். விரல் நுனி எரியறது சாதாரணம். உள்ளங்கைல சுண்டுவிரல் பக்கமோ முன்கைலயோ இழுத்துப் புடிச்ச மாதிரி வலிச்சா அன்னைக்கு லூட்ட பொட்டில வச்சுடுங்க, மறுநாளும் வலிச்சா ரெண்டு ஃப்ரெட் மேல போய் ஆரம்பிங்க. நான் கேக்காம இழுத்து மூணு வாரம் டூத்பிரஷ் கூட வலது கைலதான் புடிச்சேன், நான் இடதுகைக்காரன்.